முப்பத்தோரு மார்க்கும் பதின்மூன்று அடி மூங்கிலும்

இந்த உலகத்தில் எழுதப்பட்ட எந்த மென்பொருளையும், அதை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஒரே ஒரு எண்ணை வைத்துத் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம்.

இந்த மாபெரும் உண்மையைக் குழந்தைராஜ் காலை ஏழு மணிக்கு, வாயில் பற்பசை நுரையோடு, கொல்லைப்புறத்தில் நின்று அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவை இரண்டு ஆடுகளும் ஒரு அப்பாவும். ஆடுகள் மறுக்கவில்லை. அப்பா பெரியநாயகசாமி எதையுமே மறுத்துப் பழக்கமில்லாதவர்.

"அது எப்படிப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க கம்பெனிக் கருவி ஒண்ணு இருக்குப்பா. பராமரிப்புக் குறியீடுன்னு பேரு. நூத்துக்கு மார்க் போடும். அறுபத்தஞ்சுக்குக் கீழ வாங்குனா அந்தக் கோடு, அதான் புரோகிராம், சீக்காளி. தொட்டா விழுந்துடும்."

"உங்க அக்கா எழுதுனது எவ்வளவு வாங்குச்சு?"

குழந்தைராஜ் நுரையைத் துப்பினான். இந்தக் கேள்விக்காகத்தான் அவன் அரைமணி நேரமாகப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தொண்ணு."

சென்னையிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்து இறங்கிய குழந்தைராஜுக்கு, போன வாரம் முழுவதும் அக்காவோடு சண்டை பிடித்தே பொழுது போனது. அக்கா பாத்திமா மேரி பஸ் ஸ்டாண்ட் அருகே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குத்தகை விவசாயிகள் சங்கத்துக்கு அவள் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தாள். பதினான்கு ஊர்களில் மணல்வாய்க்கால் பண்ணையின் நிலத்தை உழுகிறவர்கள் யார், எந்த சர்வே எண்ணில், எத்தனை மா என்று அது பட்டியல் போடும். மாவை ஏக்கராக மாற்றி, தாலுகா ஆபீஸில் வருஷம் ஒருமுறை நிலக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் கொடுக்கிற மனுவாக அச்சடித்துத் தரும். பண்ணை இந்த வருஷம் பாதிப் பேரைக் குத்தகைதாரர்களே இல்லை என்கிறது. பட்டியலில் ஒரு சென்ட் பிசகினாலும் "உங்க கணக்கே சரியில்லையே" என்று மனுவை ஓரம் கட்டிவிடுவார்கள்.

அந்த ஜமாபந்தி இன்றைக்கு.

"அக்கா!" உள்ளே பார்த்துக் கூவினான். "உனக்கு ஒரு நல்ல செய்தி. முப்பத்தொண்ணு இப்ப எண்பத்தெட்டு ஆயிடுச்சு!"

பாத்திமா மேரி தலை பின்னிக்கொண்டே வெளியே வந்தாள். "எது எண்பத்தெட்டு?"

"உன் கோடு. நேத்து நீ பேங்க்குக்குப் போயிருந்தப்ப உன் கம்ப்யூட்டர்ல உக்காந்து சுத்தம் பண்ணிட்டேன். மனுவும் பிரிண்ட் எடுத்தாச்சு. பையில இருக்கு. தேங்க்ஸ் எல்லாம் வேணாம்."

பின்னல் பாதியில் நின்றது.

"என்னடா பண்ணுனே?"

அவன் விரலை மடக்கினான். "ஊருக்கு ஒரு கோப்புன்னு பதினாலு கோப்பு. எல்லாம் ஒண்ணையே பாத்து காப்பி அடிச்ச மாதிரி. ஒண்ணாக்கிட்டேன். அப்புறம் யாரும் கூப்பிடாத கோடு, ஏதோ பழைய படிவமாம், தூக்கிட்டேன். அப்புறம் கோடுக்கு நடுவுல நீ குறிப்பு எழுதி வச்ச அந்தக் கமெண்ட்டுங்க! கோடு பாதி, கதை பாதி. 'இதைத் தொடாதே, காத்தாயி சித்தியைக் கேள்'னு எந்த ஊர்லக்கா புரோகிராம் எழுதுவாங்க? ஒரே கட்டளைல எல்லாக் கமெண்ட்டையும் அழிச்சேன்."

"படிச்சியா, அழிக்கறதுக்கு முன்னாடி?"

"படிக்கவா? நாலாயிரம் வரிக்கா!"

அக்கா அவனை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடிக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

"தம்பி, இந்தக் கோடை மாத்துறது எத்தனை பேரு?"

"நீ ஒருத்திதான்."

"எப்ப மாத்துவேன்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை."

"ஒரு ஊர்ல தப்பு வந்தா அடுத்த ஊரு கெடக்கூடாதுன்னுதான் தனித்தனியா வச்சிருக்கேன். உன் கருவிக்கு அது தெரியுமா?"

"கருவிக்கு அதெல்லாம் எதுக்குக்கா? நல்ல கோடு நல்ல கோடுதான். அறுபத்தஞ்சுன்னா உலகம் பூரா அறுபத்தஞ்சு."

"அந்த அறுபத்தஞ்சை யாரு அளந்தா? எந்த ஊருக் கோலால அளந்தா?"

அவன் வாய் கொப்பளிக்கத் தண்ணீர்ச் செம்பை எடுத்தான்.

அப்போது அம்மா செபஸ்தியம்மாள் தலையில் எருக்கூடையோடு வந்தாள். குறுவைக்கு நாற்றங்கால் போடுகிற நேரம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூணு மாவுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த மறுநாள் இறங்கிய வயல். அந்த வயலைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால், அவளுக்குப் பிள்ளைகள் மூன்று என்று அசலூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"மேரி, நம்ம மூணு மா லிஸ்டுல ஏறியிருக்கா?"

பாத்திமா மேரி பின்னலை மறுபடி எடுத்தாள். "எல்லாம் சரியா இருக்கும்மா."

குழந்தைராஜ் கை தட்டினான். "பாத்தியாக்கா! உன் கோடும் இப்படித்தான். உள்ள ஒரு கேள்வி போகுது, வெளிய வேற ஒரு பதில் வருது. அம்மா கேட்டது ஏறியிருக்கா இல்லியான்னு. ஆமான்னோ இல்லன்னோ சொல்லேன்!"

அக்கா ரிப்பனைத் தேடி உள்ளே போனாள். அப்பா இருமினார். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவது திடீரென்று மிக அவசரமான வேலையாகிவிட்டதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

பஸ்ஸில் பாத்திமா மேரி ஜன்னலோரம் உட்கார்ந்து மனுவைப் புரட்டினாள். மாதாகுடிகாடு, அவர்களுடைய ஊர், கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே வந்ததும் அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"114/2 எப்படி வந்துச்சு?"

"ஓ, அதுவா! உன் கோப்புல 114/2 வந்தா தாண்டிப் போன்னு ஒரு வரி இருந்துச்சு. காரணமே இல்லாம ஒரு நம்பரைக் கோடுக்குள்ள புதைச்சு வச்சிருக்கே. எங்க ஆபீஸ்ல இதுக்குத் தனியா மார்க் குறைப்பாங்க. எடுத்துட்டேன். ஏன்க்கா, அது நம்ம மூணு மாதானே? நம்ம நிலத்தையே விட்டுட்டியே!"

அவள் அந்தத் தாளை நான்காக மடித்தாள். பிறகு பிரித்தாள். பிறகு மடித்தாள்.

"அக்கா? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"பஸ் குலுக்குது" என்றாள். பஸ் நின்றுகொண்டிருந்தது.

*

தாலுகா ஆபீஸ் வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். மைக்கில் ஒருவர் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பண்ணை ஏஜெண்ட் இராஜாங்கம், மடியில் ஒரு காக்கி உறையோடு, மாப்பிள்ளை வீட்டார் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா மேரி. தம்பியும் வந்திருக்காப்ல" என்றார். "அப்பா வரலியா?"

"வேலை இருக்குங்க மாமா."

"ம். வந்திருக்கலாம்" என்று உறையைத் தடவிக்கொடுத்தார்.

மாதாகுடிகாட்டுக்காரர்கள் புங்கமரத்தடியில் நின்றார்கள். சங்கத் தலைவி காத்தாயி நடுவில் நின்றாள். அவள் நிற்கிற இடம் எதுவாக இருந்தாலும் அதுதான் நடு. அடுத்த தெரு, அக்கா தம்பி இருவருக்கும் சித்தி முறை.

"வா ராசா. மெட்ராஸ்ல சோறு போடறாங்களா இல்லியா? குடைக் கம்பியாட்டம் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே மனுவை வாங்கினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். தன் பெயரைத் தேடிப் பிடித்தாள். பிடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"மேரி. எனக்கு எத்தனை மா?"

"ஆறு மா சித்தி."

"இதுல ஒரு ஏக்கர் தொண்ணூத்தெட்டு சென்ட்டுன்னு போட்டிருக்கு. போன வருஷம் ரெண்டு ஏக்கர் முப்பத்துமூணு. முப்பத்தஞ்சு சென்ட்டை எந்தக் காக்கா தூக்கிட்டுப் போச்சு?"

குழந்தைராஜ் முன்னால் வந்தான். அவனுக்கு இது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயம் என்றால் அவனால் சும்மா இருக்க முடியாது.

"சித்தி, இப்ப இருக்கறதுதான் சரிங்க. பன்னிரண்டடிக் கோலுக்குச் சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. அக்கா கோப்புல சில ஊருக்குப் பன்னிரண்டு, சில ஊருக்குப் பதினொண்ணரை, நம்ம ஊருக்குப் பதிமூணுன்னு மாறி மாறி அடிச்சு வச்சிருக்கா. கை தடுமாறியிருக்கும். நான் எல்லாத்தையும் பன்னிரண்டாக்கிட்டேன்."

புங்கமரத்தடியில் நின்ற ஒரு ஆள் பீடியை அணைத்தார்.

"யாரு கை தடுமாறுச்சு?" காத்தாயி நிதானமாகக் கேட்டாள். "நம்ம ஆளுங்க போராடி நிலத்துல இறங்குன வருஷம், பங்கு வைக்கறதுக்குப் பண்ணைக்காரன் கோல் குடுத்தானா? குடுக்கல. தாலுகா ஆபீஸ்ல குடுத்தாங்களா? அங்கயும் இல்ல. கோயில்ல மாதா சப்பரம் தூக்கற மூங்கிலை எடுத்தாந்து அளந்தாங்க. அது பதிமூணு அடி. அன்னிலேருந்து நம்ம ஊரு மாவுன்னா மாதா மூங்கில் மா. அப்ப போட்ட வரப்புதான் இன்னிக்கும் நிக்குது. நாளைக்குச் சர்வேயர் வந்தா வரப்பை அளப்பானா, உன் கம்ப்யூட்டரை அளப்பானா?"

"மூங்கிலா?"

"உன் தோள்லயே சுமந்திருக்கியேடா!" பாத்திமா மேரி சொன்னாள். "பத்தாவது படிக்கறப்ப திருவிழால தோள்பட்டை தோலு உரிஞ்சு ரெண்டு நாள் அழுதே. அதேதான்."

உரிந்தது உண்மை. அழுததும் உண்மை. ஆனால் தான் சுமந்தது ஒரு ஊரின் அளவுகோல் என்று அந்தத் தோளுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருக்கிறார்கள். நாலாயிரம் வரியில் எங்கேயோ எழுதித்தான் இருந்தது. அவன்தான் ஒரே கட்டளையில் அழித்தான்.

"ஏன் ராசா," காத்தாயி குரல் இறங்கியது, "நம்ம ஊருல நாப்பத்துமூணு குடும்பம். எல்லாத்துக்கும் இப்படித்தானா?"

அவன் தலையாட்டினான்.

அந்த நேரம் பார்த்து சாமியானாவிலிருந்து குமாஸ்தா ஒருவர் வந்தார். "சங்கத்து மனு யாரு? ஆட்சி மாறினதுக்கு அப்புறம் வந்த புதுப் படிவம் இங்க இன்னும் ஏத்துக்கறதில்ல. போன ஆட்சிப் படிவத்துலயே குடுங்க. பன்னிரண்டரைக்கு உங்க முறை" என்றார்.

பாத்திமா மேரி தம்பியைப் பார்த்தாள். 'யாரும் கூப்பிடாத கோடு' என்று அவன் தூக்கி எறிந்தது அந்தப் படிவம்தான்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அது செத்துப்போகும்டா. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா பொழைச்சுக்கும். நான் எதுக்குத் தூக்காம வச்சிருந்தேன்னு நினைச்சே?"

மணி பதினொன்றே முக்கால்.

"பழசு வச்சிருக்கியா, அழிச்சுட்டியா?"

"என் லேப்டாப்ல, இந்தப் பையிலயே இருக்குக்கா. நான் எதையும் பேக்கப் எடுக்காம அழிக்க மாட்டேன்." அன்றைக்கு அவன் சொன்னதில் பெருமைப்படக்கூடிய ஒரே வாக்கியம் அது. அதைக்கூட முணுமுணுப்பாகத்தான் சொன்னான்.

*

எதிரே ஜெராக்ஸ் கடை. கடைக்கார யூனுஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "தம்பி, மின்சாரம் எப்ப வேணாலும் போகும். வேலையை வேகமா பாருங்க" என்றார்.

குழந்தைராஜ் பழைய பதினான்கு கோப்புகளையும் திரும்பக் கொண்டுவந்தான். இந்த முறை படித்தான்.

படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. கருவி 'நகல்' என்று சிவப்புக் கோடு போட்ட ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அக்கா ஓர் ஊரை எழுதி வைத்திருந்தாள். இங்கே கோல் எவ்வளவு, யார் அளந்தது, தகராறு வந்தால் யாரைக் கேட்க வேண்டும். ஒரு ஊரில் நாகம்மாள். ஒரு ஊரில் ஐயாவு, 'காலையில் மட்டும் கேட்கவும், மதியத்துக்கு மேல் நிதானத்தில் இருக்க மாட்டார்'. அவனுடைய அலுவலகத்தில் இருநூறு பேர் ஒரே கோடைத் தினமும் மாற்றுவார்கள். அதில் பாதிப் பேர் அடுத்த வருஷம் இருக்க மாட்டார்கள். அறுபத்தைந்து அவர்களை அளந்த கோல். இங்கே ஒருத்திதான். ஒன்பது வருஷமாக அதே ஒருத்தி.

மாதாகுடிகாடு கோப்பில் 'தாண்டிப் போ' என்ற அந்த வரி இருந்தது. அதற்கு மேலே கமெண்ட்.

'114/2, மூன்று மா. தொடாதே. 17-6-2011 அன்று இதைப் பண்ணைக்கே விட்டுக்கொடுப்பதாக அப்பா எழுதிக் கொடுத்த கடிதம் இராஜாங்கம் மாமாவிடம் இருக்கிறது. நிலத்தை அவர்கள் இன்னும் கேட்கவில்லை. பட்டியலில் ஏறினால் கடிதம் வெளியே வரும். அம்மாவுக்குத் தெரியாது.'

அவன் தேதியை இன்னொரு முறை படித்தான்.

2011 ஜூன் மாதம் இருபதாம் தேதி அவன் இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தான். கையில் ஒன்றுமே இல்லாத வீட்டில் சீட்டுக்குக் கட்டப் பணம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாதா கொடுத்தாள் என்று அம்மா சொன்னாள். அதற்காக இன்றைக்கும் வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறாள். அப்பா அப்போதும் மறுக்கவில்லை.

முன்வரிசையில் காக்கி உறையோடு உட்கார்ந்திருந்தவர் ஞாபகத்துக்கு வந்தார். இந்த எண்பத்தெட்டு மார்க் பட்டியலை வாசித்திருந்தால் அந்த உறை பிரிந்திருக்கும். நாற்பத்துமூன்று குடும்பத்தின் முன்னால்.

"படிச்சிட்டியா?" பின்னால் அக்காவின் குரல்.

"ம்."

"கமெண்ட் ஜாஸ்தியா இருக்கா?"

அக்கா அவன் தலையில் கை வைத்து ஒரு தடவை கோதினாள். பத்தாவது படிக்கும்போது தோள் உரிந்த அன்றைக்குச் செய்தது போல.

"இப்ப அழாதே. பிரிண்ட் எடு. அப்புறம் ஒண்ணு, ஓடைக்குடிகாட்டுக்காரங்களும் சங்கத்துல சேர வந்திருக்காங்க. பன்னிரண்டு பேரு. அவங்க கோல் பன்னிரண்டே கால் அடி. நீதான் பெரிய ஆளாச்சே, எப்படிச் சேக்கலாம்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பதினைந்தாவது ஊர். எத்தனையோ அழகான வழிகள் அவனுக்குத் தெரியும். அதில் மூன்று வழிகளுக்காகவே போன வருஷம் சம்பள உயர்வு வாங்கியிருந்தான்.

சுற்றும் முற்றும் பார்த்தான். யூனுஸ் மிஷினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைராஜ் மாதாகுடிகாடு கோப்பை அப்படியே நகல் எடுத்தான். பெயரை மாற்றினான். பதிமூன்றைப் பன்னிரண்டே காலாக்கினான். 114/2 வரி புது ஊருக்கு வேண்டாம் என்று நகலில் மட்டும் எடுத்தான். தலையில் எழுதினான்: 'ஓடைக்குடிகாடு. கோல் 12¼ அடி. தொடாதே. காத்தாயி சித்தியைக் கேள்.'

பழைய கோப்பில் அக்காவின் கமெண்ட்டுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தான்: 'நானும் படித்தேன். கு.ரா.'

திரையின் மூலையில் கருவி தானாக மார்க் போட்டது. முப்பது. அவன் அந்த ஜன்னலை மூடினான்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மனு போய்ச் சேர்ந்தது. காத்தாயியின் ஆறு மா ரெண்டு ஏக்கர் முப்பத்துமூன்றாகத் திரும்பி வந்திருந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். இராஜாங்கம் பட்டியலை வாங்கி விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. உறையைப் பிரிக்காமலே எழுந்தார்.

"பரவால்ல மேரி" என்றார் போகிறபோது. "அப்பாவை ஒரு நாள் நானே வந்து பாக்கறேன்."

*

சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் அம்மா மூணு மாவில்தான் இருந்தாள். முழங்கால் சேற்றில் நின்று நாற்றங்காலில் எருவை விசிறிக்கொண்டிருந்தாள். அப்பா வரப்பில் உட்கார்ந்து மடையை அடைத்துக்கொண்டிருந்தார். பஸ் இறங்கி வந்த குழந்தைராஜைப் பார்த்ததும் அவர் கை வேகம் கூடியது. அடைத்த மடையையே மறுபடி அடைத்தார்.

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து, மடைக்கு ஒரு பிடி சேறு எடுத்துக் கொடுத்தான். அப்பா வாங்கிக்கொண்டார்.

"கொழந்தை!" நாற்றங்காலிலிருந்து அம்மா கூவினாள். "உங்க அக்காளைக் கேட்டா ஒழுங்கா சொல்ல மாட்டேங்குறா. நீ சொல்லு. நம்ம மூணு மா லிஸ்டுல ஏறிடுச்சா?"

ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களும் அவனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் அவனே சொல்லிக் காட்டியவை.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்றான்.

அம்மாவின் கை எருக்கூடைக்குள் அப்படியே நின்றது. மகனைப் பார்த்தாள். வரப்பில் குனிந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இது அவ சொல்ற பதிலாச்சே" என்றாள்.